அண்ணாச்சியின் தகரப் பெட்டி

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு ஓய்வாக இருக்கும்போது படியுங்கள். "சார் மறுபடியும் கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சிட்டாங்க" என்று யாராவது கீழே எழுதுவீர்கள். ஆமாம், வகுப்புதான்.

போன மாதம் என் பழைய சைக்கிளில் வலது பக்கத்துக் கிராங்க் ஆட ஆரம்பித்தது. பலருக்கு அந்தச் சைக்கிளைத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய ஹெர்குலிஸ். பள்ளிக்கூட வேப்பமரத்தில் சாய்த்து வைப்பேன், நீங்கள் பெல்லை அடித்துவிட்டு ஓடுவீர்கள். இப்போது காலையில் மேலகரம் வரை போய் வருவதற்கு மட்டும் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மிதிக்கும் 'டக், டக்' என்று சத்தம். காட்டர் பின் தேய்ந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது.

சின்னவர்களுக்காகச் சொல்கிறேன். பெடல் மாட்டியிருக்கும் தண்டுதான் கிராங்க். அதை நடு அச்சோடு சேர்த்துப் பிடிப்பது சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஓர் இரும்பு ஆணி. ஒரு பக்கம் மட்டும் சரிவாக, ஆப்பு மாதிரி சீவியிருக்கும். அதுதான் காட்டர் பின். ஏறி உட்காருகிறவரின் மிதி முழுவதையும் அதுதான் தாங்குகிறது.

தென்காசியில் மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில் "அதெல்லாம் இப்ப வர்றதில்ல சார்" என்றார்கள். இரண்டாவது கடைப் பையனுக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. அவனைக் குறை சொல்லவில்லை, அவன் பார்த்த சைக்கிள்களில் அது இருந்திருக்காது. மூன்றாவது கடையில் எடைக்குப் போடச் சொன்னார்கள். அப்புறம் ஒருவர் குற்றாலம் ரோட்டில் ஒரு கடையைச் சொன்னார். உருட்டிக்கொண்டே போனேன். குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கையைத் துணியில் துடைத்தபடி எழுந்தான். "சார்! வாங்க சார், உக்காருங்க."

என் மாணவன். நாற்பது வயது தாண்டிவிட்டது, 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். பழக்கம் விடவில்லை. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

சைக்கிளைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அந்தப் பெட்டியை எனக்குத் தெரியும். தென்காசிக் கோயில் கோபுரம் மொட்டைக் கோபுரமாக நின்ற காலத்தில் (1990-ல் கும்பாபிஷேகம் ஆன பிறகு பிறந்தவர்களுக்கு அந்தக் காட்சி தெரியாது) கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வாடகைச் சைக்கிள் கடை இருந்தது. கடைக்காரரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, காலை பாருக்கு அடியில் விட்டு, குரங்குப் பெடல் போட்டு நான் சைக்கிள் பழகியது அங்கேதான். அண்ணாச்சி காலமாகிப் பதினைந்து வருஷம் இருக்கும். இவன் எட்டாவதோடு நின்று அவரிடம் தொழில் பழகினான். அவர் வீட்டார் பெட்டியை இவனிடம் கொடுத்துவிட்டார்கள்.

சரித்திரம் சொல்லிக்கொடுப்பது என்றால் ராஜாக்களின் வருஷக் கணக்கு என்று நினைத்தே நான் முப்பத்தைந்து வருஷம் ஓட்டிவிட்டேன். அந்தப் பெட்டிக்குள் நூறு வருஷத்துக்கு மேல் கிடந்தது. அவன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, வாங்கி வாங்கிப் பார்த்தேன்.

முதலில் டயர் லீவர் மூன்று. இரண்டு கடையில் வாங்கியவை. மூன்றாவது, ஏதோ வண்டியின் உடைந்த பட்டையை அண்ணாச்சியே காய்ச்சித் தட்டி வளைத்தது. எந்த முனையும் கூர்மை இல்லை, கூராக இருந்தால் டியூபைக் கிழித்துவிடும். இந்த லீவருக்கு ஒரு பிறந்த வருஷமே உண்டு என்று சொல்லலாம். பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த டன்லப், தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்று டயர் செய்து, 1888-ல் உரிமை பதிந்தார். அவருக்கு நாற்பது வருஷத்துக்கும் முன்பே தாம்சன் என்று ஒருவர் அதே யோசனையைப் பதிந்து, யாரும் கண்டுகொள்ளாமல் போனது தனிக்கதை. டன்லப்பின் ஆரம்ப கால டயர் சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்தது. பஞ்சர் ஆனால் பிய்த்து எடுத்து மறுபடி ஒட்ட வேண்டும். 1890-ல் வெல்ச் என்பவர் டயரின் இரண்டு விளிம்பிலும் கம்பி வைத்து, ரிம்மின் குழிவில் உட்காரும்படி செய்தார். அதற்குப் பிறகுதான் நெம்பிக் கழற்றி, பஞ்சர் ஒட்டி, மறுபடி மாட்ட முடிந்தது. தெருவோரத்தில் ஒரு மனிதர் பத்து நிமிஷத்தில் செய்யக்கூடிய வேலையாக அது மாறியது அப்போதிலிருந்துதான்.

கழற்றத்தான் லீவர். மாட்டும்போது கடைசி ஒரு சாண் டயரை அண்ணாச்சி கட்டைவிரலாலேயே தள்ளி ஏற்றுவார். அந்த இடத்தில் லீவர் போட்டால் உள்ளே டியூப் நசுங்கி, ஒட்டிய பஞ்சரோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். அவர் கட்டைவிரல் நகம் தட்டையாகவே இருக்கும். இவனுக்கும் அப்படி ஆகிவிட்டது.

அடுத்தது ஒரு தகரத் துண்டு, உள்ளங்கை அகலம். எண்ணெய் டின்னை வெட்டி, ஆணியால் நெருக்கமாகத் துளை போட்டு, துளையின் பிசிறு வெளியே இருக்கும்படி ஒரு கட்டையில் அடித்தது. தேங்காய்த் துருவி மாதிரி இருக்கும். டியூபைச் சொரசொரப்பாக்க அதுதான் கருவி. உப்புத்தாள் காசு கொடுத்து வாங்க வேண்டும், மழையில் நமத்துப் போகும். தகரம் நமக்காது. ஒட்டுப் போடும் துண்டும் பழைய டியூபில் வெட்டியதுதான். சொல்யூஷன் மட்டும்தான் வெளியிலிருந்து வர வேண்டும். அதுவும் வேறொன்றுமில்லை, பெட்ரோல் வகை எண்ணெயில் கரைத்த ரப்பர். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு, புனலூர்ப் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் சிரட்டை கட்டிய ரப்பர் மரங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பால்தான். அந்தப் பாலை வெயிலில் இளகாமல் குளிரில் வெடிக்காமல் செய்ய, கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் வழியை அமெரிக்காவில் குட்இயர் 1839-ல் கண்டுபிடித்திருக்காவிட்டால் டன்லப்புக்கு டியூபே கிடையாது.

சொல்யூஷன் தடவியதும் உடனே ஒட்டக் கூடாது. தடவி, காய விட்டு, விரல் வைத்தால் ஈரம் தெரியாத பதத்தில் ஒட்ட வேண்டும். நம் ஊரில் இதில்தான் சங்கடம். ஜூன் பிறந்து சாரல் ஆரம்பித்துவிட்டால் காற்றிலேயே தண்ணீர் இருக்கும். டியூபைத் தொட்டியில் முக்கி, குமிழி வரும் இடத்தைக் குறித்து, துடைத்து வைத்தால் துடைத்த இடம் மறுபடி வியர்த்துவிடும். சீசனுக்குக் குற்றாலம் வந்தவர்கள் வாடகைச் சைக்கிளில் ஐந்தருவிக்குப் போய்விட்டு, ஒட்டு விட்டுப்போய் உருட்டிக்கொண்டு திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். அண்ணாச்சி சாரல் நாளில் ஓர் அரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்திருப்பார். அதன் சிம்னிக்கு ஒரு சாண் தள்ளி டியூபைக் காட்டுவார். சின்னப் பையன்கள் உதவி செய்கிறேன் என்று வாயால் ஊதினால் சத்தம் போடுவார். "ஏல, ஊதாத! உன் மூச்சுல இருக்க ஈரம் போதும்லே, ஒட்டு நிக்காது."

எச்சிலுக்கு வேறு இடத்தில் வேலை உண்டு. காற்றடித்து முடித்ததும் விரலில் தொட்டு வால்வு நுனியில் வைப்பார். குமிழி வந்தால் வால் டியூப் போய்விட்டது என்று அர்த்தம். சேமியா கனத்தில் ஒரு ரப்பர்க் குழாய், முழக்கணக்கில் வாங்கித் துண்டு துண்டாக வெட்டி விற்பார்கள். வால்வின் உள்தண்டுக்கு மேல் அதை மாட்டினால், பம்பு அடிக்கும் காற்று குழாயை விரித்துக்கொண்டு உள்ளே போகும், திரும்பி வராது. உட்ஸ் என்பவர் 1891-ல் செய்த வால்வு இது. நம் நாட்டுச் சாதாரண சைக்கிளில் இன்னும் மாறவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான். ஒரு நூற்றாண்டில் விமானமே வந்துவிட்டது, வால் டியூப் அப்படியே இருக்கிறது. புது கியர் சைக்கிள்களில்தான் மோட்டார் வண்டி வால்வு.

பம்பைப் பற்றி ஒரு வரி. உள்ளே இருப்பது தோல் வாசர். காய்ந்து சுருங்கினால் காற்று பின்னால் போய்விடும். தேங்காய் எண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டால் சரியாகிவிடும். இதைத் தெரியாமல் எத்தனை வீட்டில் நல்ல பம்பைத் தூக்கிப் போட்டார்களோ.

பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது ஸ்போக்ஸ் சாவி. வட்டமான இரும்பு, ஓரத்தில் வெட்டு வெட்டாக இருக்கும், ஒவ்வொரு வெட்டும் ஓர் அளவு நிப்பிளுக்கு. பழைய 28 அங்குலச் சைக்கிளில் முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40. எண்ணிப் பாருங்கள் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பின்னால் கேரியரும் ஆளும் மூட்டையும் ஏறுவதால் அங்கே எட்டுக் கம்பி அதிகம். சக்கரம் கோணினால் கோட்டம் எடுப்பது என்பார்கள். அதற்குப் பெரிய பட்டறைகளில் தனி நிலைச்சட்டம் உண்டு. அண்ணாச்சியிடம் இருந்தது உடைந்த சைக்கிளின் முன் போர்க் ஒன்று, தலைகீழாகச் சுவரில் புதைத்தது. சக்கரத்தை அதில் மாட்டிச் சுழற்றி, ரிம்முக்கு ஒரு மயிரிழை தள்ளிச் சாக்பீஸைப் பிடிப்பார். எங்கே வெளியே தள்ளியிருக்கிறதோ அங்கே மட்டும் வெள்ளைக்கோடு விழும். சாக்பீஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள், என் சட்டைப் பையிலிருந்துதான் பாதி போயிருக்கும். கோடு விழுந்த இடத்தில் ஒரு பக்கக் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் சுற்றுத் தளர்த்துவார். முடிந்ததும் வீணைத் தந்தி மாதிரி ஒவ்வொரு கம்பியையும் விரலால் சுண்டிக் கேட்பார். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது தளர்ச்சி, மறுபடி சாவி. இப்போது கம்பியின் இறுக்கத்தைக் கடிகார முள் காட்டும் ஒரு கருவி வந்துவிட்டது. என் மாணவனிடமும் ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்கு முள், தனக்கு விரல் என்றான்.

ஸ்பேனர்களில் ஒன்று பார்க்க எலும்பு மாதிரி, இரண்டு முனையும் உருண்டையாக, சுற்றிலும் பல அளவில் துளைகளோடு இருந்தது. ஒரே துண்டு இரும்பு, சைக்கிளின் பெரும்பாலான நட்டுக்குப் போதும். பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ ஸ்பேனர். ஸ்வீடன்காரர் யோஹான்சன் 1892-ல் உரிமை பதிந்த அதே அமைப்புதான், திருகைச் சுற்றினால் வாய் அகலும். அண்ணாச்சிக்கு அது பிடிக்காது. வாய் ஆடும், நட்டின் முனையை மழுங்கடிக்கும், அளவு தெரியாதவன் ஆயுதம் என்பார்.

அளவு என்றதும் கணக்கு வாத்தியாருக்குக் கை பரபரக்கிறது. மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956-ல் வந்தது. அடுத்த வருஷமே நயா பைசா. ஆனால் சைக்கிள் கடை மட்டும் அங்குலத்தை விடவில்லை. அதையும் தச்சர்களைப் போல நூல் கணக்கில்தான் சொல்வார்கள். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். பின் சக்கரத்துக் குண்டு கால் அங்குலம், அதாவது இரண்டு நூல், பக்கத்துக்கு 9. முன் சக்கரத்துக் குண்டு 3/16 அங்குலம், ஒன்றரை நூல், பக்கத்துக்கு 10. மில்லிமீட்டர் ஸ்பேனர்கள் மோட்டார் சைக்கிளோடு கடைக்குள் வந்தபோது, அவற்றைப் பழைய நட்டில் போட்டுப் போட்டு முனை மழுங்கிய நட்டுகள் எத்தனையோ.

அங்குலக் கணக்கில் ஒரு வேடிக்கை. இப்போது பையன்கள் பெருமையாகச் சொல்லும் 29 அங்குலச் சைக்கிளின் ரிம், நம் பழைய 28 அங்குல ரிம்மைவிடச் சின்னது! டயர் உட்காரும் இடத்தில் அளந்தால் 28 x 1½-க்கு 635 மில்லிமீட்டர், 29-க்கு 622. டயர் ஏறக்குறைய 57 மில்லிமீட்டர் கனத்தில் குண்டாக இருப்பதால் இரண்டு பக்கமும் கூட்டி 736, அது 29 அங்குலம். பழையதில் டயர் 38 மில்லிமீட்டர், கூட்டினால் 711, அது 28. நம்பாதவர்கள் 25.4-ஆல் வகுத்துப் பாருங்கள்.

வருஷத்துக்கு ஒரு முறை சைக்கிளை 'ஓவராயில்' செய்யக் கொடுப்போம். எண்ணெய் நிறையப் போடுவதால் அந்தப் பெயர் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 'ஓவர்ஹால்' என்ற ஆங்கிலச் சொல் அது, முழுவதும் பிரித்து மாட்டுவது. நம் வாயில் எண்ணெயாகிவிட்டது, பொருத்தமாகத்தான் ஆகியிருக்கிறது. தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி எல்லாக் குண்டும் அதில் கிடக்கும். ஒவ்வொன்றாக எடுத்து விரல் நடுவே உருட்டி, புள்ளி விழுந்ததை மட்டும் ஒதுக்கி, மற்றதைக் கழுவி, கிரீஸில் பதித்து வைப்பார். ஒரு சக்கரத்தில் இரண்டு குண்டு கெட்டால் இரண்டு குண்டுக்குத்தான் காசு.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான், சுற்றி வளைத்து இவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.

1994. ஏழாம் வகுப்பு. ரைட் சகோதரர்களைப் பற்றிப் பாடம் நடத்தினேன். அமெரிக்காவில் டேட்டன் என்ற ஊரில் 1892-ல் சைக்கிள் கடை வைத்த அண்ணன் தம்பி, கல்லூரிப் பட்டம் கிடையாது, சைக்கிள் ரிப்பேர் செய்த கைகள்தான் விமானம் செய்தன என்று நன்றாகவே சொன்னேன். 1903-ல் பறந்த அந்த விமானத்தில் என்ஜினிலிருந்து விசிறிக்குச் சக்தியைக் கொண்டுபோனது சைக்கிளில் இருப்பது போன்ற செயினும் பல்சக்கரமும்தான். இறக்கையின் வடிவத்தைச் சோதிக்க 1901-ல் கடைக்குள்ளேயே ஒரு காற்றுக் கூண்டு செய்தார்கள். அதில் காற்றின் விசையை அளந்த தராசு, பழைய ரம்பத் தகட்டிலும் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியிலும் செய்தது. இந்தக் கடைசிச் செய்தியைப் பிற்பாடுதான் படித்தேன். ஆனால் சைக்கிள் கடை என்பதை அன்று அழுத்திச் சொன்னது நினைவிருக்கிறது.

இடைவேளை முடிந்து கணக்குப் பாடம். பின்னத்தைப் பின்னத்தால் வகுக்க வேண்டும். அவனைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டேன். தெரியவில்லை. நின்றான். நான் சொன்னேன்: "நீ பஞ்சர் ஒட்டத்தாம்லே லாயக்கு." வகுப்பு சிரித்தது.

இரண்டு பாடத்துக்கும் நடுவில் பத்து நிமிஷம்தான் இருந்தது. முரண்பாடு எனக்கு உறைக்கவே இல்லை. அவனிடம் மட்டுமா சொன்னேன்? மாடு மேய்க்க, மூட்டை தூக்க, பஞ்சர் ஒட்ட என்று கைவசம் நாலைந்து வைத்திருந்தேன். என்னை அடித்த வாத்தியார்கள் சொன்னவை, அப்படியே எடுத்துக்கொண்டேன். பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷம் குழந்தை உளவியல் படித்தவன்தான் நான்.

கடையில் அன்று இன்னொரு வாடிக்கையாளர் காத்திருந்தார். மத்தளம்பாறைப் பக்கம் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இளைஞர், விலை உயர்ந்த கியர் சைக்கிள். அவரிடம் இவன் என்னை அறிமுகப்படுத்தினான். "எங்க சார். நான் பஞ்சர் ஒட்டுவேன்னு ஏழாங்கிளாஸ்லயே ஜோசியம் பாத்துச் சொன்னவங்க. பாருங்க, அப்படியே பலிச்சுட்டு." சொல்லிவிட்டுச் சிரித்தான். குத்தலே இல்லை, பெருமையாகத்தான் சொன்னான். அந்த இளைஞரும் சிரித்தார். எனக்குப் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பெட்டிக்குள் வைத்தேன்.

குண்டு அளவைச் சொன்னேன் இல்லையா. முன் சக்கரத்துக்கு 3/16 அங்குலம், ஒரு நூல் என்பது 1/8. அப்படியானால் அது எத்தனை நூல்? 3/16-ஐ 1/8-ஆல் வகுக்க வேண்டும். விடை ஒன்றரை. டப்பாவில் கையை விட்டுப் பார்க்காமலேயே ஒன்றரை நூல் குண்டைத் தனியாக எடுக்கிறான். அன்று கரும்பலகையில் நான் கேட்டது இதே வகைக் கணக்கு. அண்ணாச்சி ஒரு நாளில் சொல்லிக்கொடுத்திருப்பார்.

பழைய காலம் எல்லாம் பொற்காலம் என்று எழுத எனக்கு ஆசை இல்லை. பழைய சைக்கிளின் ராடு பிரேக் ஒரு கண்டம். இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும், பிடிக்காது. சாரலில் குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு இறக்கத்தில் வரும்போது இரண்டு கையாலும் பிடித்தும் நிற்காமல், ஒரு வைக்கோல் வண்டியின் பின்னால் போய்ச் செருகி நின்றிருக்கிறேன். வைக்கோலாக இருந்ததால் இந்தப் பதிவு. கியர் சைக்கிளின் டிஸ்க் பிரேக் மழையிலும் நிற்கிறது. அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

மாற்றம் ஒரேயடியாக வரவில்லை. 1980-ல் டி.வி.எஸ். 50 வந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பால்காரரும் துணி வியாபாரியும் வாத்தியார்களும் அதில் ஏறினார்கள். வாடகைச் சைக்கிள் படுத்தது. 2001-02-ல் ஆதி திராவிட, பழங்குடி மாணவியருக்கு என்று அரசு கொடுக்க ஆரம்பித்த இலவசச் சைக்கிள், பிறகு மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் வந்தது. எங்கள் குடும்பத்திலேயே ஐந்து பெண் பிள்ளைகள் அதில்தான் பள்ளிக்குப் போனார்கள். ரிப்பேர் கடைகள் இன்னும் உயிரோடு இருப்பதற்கு அந்தச் சைக்கிள்களும் ஒரு காரணம் என்று இவன் சொல்கிறான். வயர் பிரேக் வந்தது, பாரில்லாத சைக்கிள் வந்தது. ஆனால் அதுவரைக்கும் அண்ணாச்சியின் பெட்டியே போதுமாக இருந்தது.

பெட்டி போதாமல் போனது கியர் சைக்கிளுக்குப் பிறகுதான். நட்டுக்குப் பதிலாக ஆறு மூலைக் குழி, அதற்கு எல் வடிவ அலன் கீ. அது புதுக் கண்டுபிடிப்பு அல்ல, அமெரிக்காவில் ஆலன் என்பவர் 1910-லேயே உரிமை வாங்கியது, நம் சைக்கிளுக்கு வர நூறு வருஷம் ஆயிற்று. செயின் பின்னைத் தள்ள முன்பு ஓர் ஆணியும் சுத்தியலும், இப்போது தனிக் கருவி. கிராங்க்கை இழுத்து எடுக்க ஒரு புல்லர். நடு அச்சுக்குள் குண்டுகள் தெரியாது, மொத்தமும் மூடிய ஓர் உருளை. கழற்ற அதற்கென்றே பல் வெட்டிய சாவி, அதுவும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. கெட்டால் உருளையோடு மாற்ற வேண்டும். தட்டும் மண்ணெண்ணெயும் தேவையில்லை, இரண்டு குண்டு மாற்றும் வழியும் இல்லை. கூரியரில் வரும் வரை சைக்கிள் கடையில் நிற்கும். அந்த இளைஞரின் சைக்கிள் நாலு நாளாக அப்படித்தான் நின்றதாம்.

"புதுசு நல்லதுதான் சார்," என்றான். "அளவு பிசகாது, கை நசுங்காது. ஆனா சாவியக் காசு குடுத்து வாங்கிக்கிட்டே இருக்கணும். அண்ணாச்சி பாதிச் சாமானத் தானே செஞ்சாரு." 2020 ஜூன் 3, உலக சைக்கிள் தினத்தன்றே, 1951-லிருந்து நடந்த அட்லஸ் கம்பெனி டெல்லிக்குப் பக்கத்தில் இருந்த தன் தொழிற்சாலையை நிறுத்தியது. அந்தச் செய்தியை வெட்டிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்தான், சொல்யூஷனாலேயே.

என் காட்டர் பின்னுக்கு வருகிறேன். பெட்டியின் அடியில் கிரீஸ் தாளில் சுற்றி நான்கு பின் இருந்தது. நட்டைப் பாதி தளர்த்தி, பழைய பின்னை அடித்து வெளியேற்ற வேண்டும். சும்மா அடித்தால் அடியின் வேகம் முழுவதும் உள்ளே இருக்கும் குண்டுகளில் இறங்கி, கப்பில் பள்ளம் விழுந்துவிடும். அதற்காகப் பெட்டியில் ஒரு முழ நீள இரும்புக் குழாய்த் துண்டு. கிராங்க்குக்கு அடியில் அதை முட்டுக் கொடுத்தால் அடி தரைக்குப் போய்விடும். முட்டுப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த இளைஞர் போன பிறகு அவனிடம் சொன்னேன், "அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது தப்புப்பா. நீ மறந்திருப்பேன்னு நெனச்சேன்."

"அத விடுங்க சார். இந்தக் குழாயக் கொஞ்சம் பிடிங்க."

பிடித்தேன். இரண்டு அடி. பின் வெளியே வந்தது. புதுப் பின்னின் சரிவை அரத்தால் ராவினான். ராவுவதிலும் கணக்கு உண்டு. இரண்டு பக்கத்துப் பின்னும் ஒரே சரிவில், எதிர்எதிர்த் திசையில் இறங்க வேண்டும். ஒன்று கூடக் குறைய ராவினால் இரண்டு பெடலும் 180 பாகையில் நேர்க்கோட்டில் நிற்காது, மிதிக்கும்போது கால் நொண்டும். அவன் பாகைமானி எதுவும் வைக்கவில்லை. ஒரு கண்ணை மூடி, இரண்டு கிராங்க்கையும் ஒரு கோட்டில் பார்த்தான். மூன்று தடவை ராவி, மூன்று தடவை போட்டுப் பார்த்தான். நான்காவது தடவை சுத்தியலால் இறக்கி, நட்டு போட்டான். கூலி வாங்க மாட்டேன் என்றான், சட்டைப் பையில் திணித்துவிட்டு வந்தேன். சத்தம் நின்றுவிட்டது. தினமும் மேலகரம் போய் வருகிறேன்.

அவன் விடச் சொன்னான். அந்த மாதிரி வார்த்தையை என்னிடம் வாங்கியவர்கள் இந்தப் பதிவைப் படிப்பவர்களிலும் இருப்பீர்கள். நீங்கள் விட வேண்டியதில்லை. போனிலோ நேரிலோ சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு விஷயம். நான்கில் ஒன்று எனக்குப் போனது போக, அவனிடம் இன்னும் மூன்று பின்தான் இருக்கிறது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வயதானவர்கள் பழைய சைக்கிளை உருட்டிக்கொண்டு அவனிடம்தான் வருகிறார்கள். இலஞ்சி, வல்லம், சுரண்டை, ஆய்க்குடிப் பக்கம் உங்கள் வீட்டுப் பரணிலோ மாட்டுக் கொட்டகையிலோ பழைய 28 அங்குலச் சைக்கிள் கிடந்தால், எடைக்குப் போடும் முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். காட்டர் பின், 40 துளை ரிம், ராடு பிரேக் கட்டை, எதுவானாலும் சரி. வந்து எடுத்துக்கொள்கிறேன், சைக்கிளில்தான் வருவேன்.